வெள்ளை எலி ஓடிய அன்று

பெற்றவர்களிடம் ஒன்றை அழுது வாங்கலாம், அடம்பிடித்து வாங்கலாம், சோறு வேண்டாமென்று சுருண்டு படுத்தும் வாங்கலாம். அதிலெல்லாம் பெரிய ஆபத்து இல்லை. மிஞ்சிப்போனால் முதுகில் இரண்டு விழும். நியாயம் பேசி வாங்குவதுதான் ஆபத்து. நாம் சொன்ன நியாயத்தை அவர்கள் நம்பித் தொலைத்துவிட்டால், அன்றிலிருந்து அதற்கு ஜவாப்தாரி நாம். இது எனக்குப் பாவாடை கட்டிய வயதிலேயே தெரிந்துபோனது. மாரிகுப்பத்தில் எங்கள் லைனில் இருந்த அத்தனை பெண்களையும் தலைவிரிகோலமாக சுரங்க ஷாஃப்டு வாசல்வரை ஓடவிட்டுத் தெரிந்துகொண்டேன்.

அப்போது ஊருக்குக் கரண்டு வரவில்லை. ஷாஃப்டுக் குழி வழியாக ஆட்களைத் தங்கச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றுகிற கேஜ் கூண்டை நீராவி இஞ்சின்தான் இழுக்கும். நாங்கள் இருந்தது மூங்கில் தட்டிக்கு மண் பூசி வரிசையாகக் கட்டிய லைன் வீடு. பக்கத்து வீட்டில் மிளகாய் தாளித்தால் எங்கள் வீட்டில் தும்முவோம். நைனாவுக்கு அண்டர்கிரவுண்டு வேலை. அம்மா கோழி வளர்த்தாள். மேட்டுப் பங்களாவுக்கு முட்டை கொண்டுபோய்க் கொடுப்பது என் பொறுப்பு. ஒரு முட்டைகூட விரிசல் விடாமல் கொண்டுபோவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது (இதை நானே சொல்லக்கூடாதுதான். ஆனால் சொல்லக்கூடிய வேறு யாரும் இப்போது உயிரோடு இல்லை).

அந்தப் பங்களாத் துரைக்கு ஒரே மகள். அவள் ஒரு மரப்பெட்டிக்குக் கம்பிவலை அடித்து, அதில் இரண்டு வெள்ளை எலிகளை வளர்த்தாள். பால் வெள்ளை. கண் மட்டும் மாதுளை முத்து மாதிரி சிவப்பு. ஒருநாள் நான் போனபோது பங்களா வெறிச்சென்று கிடந்தது. துரைசானி மகளைப் படிக்கவைக்க சீமைக்கே கூட்டிக்கொண்டு கப்பலேறப் போய்விட்டாளாம். பின்வாசலில் பட்லர் எலிப்பெட்டியைக் காலால் ஓரம் தள்ளிக்கொண்டிருந்தார்.

“இதுங்கள இன்னா பண்ணப்போறீங்க?” என்று கேட்டேன்.

“எங்கியாவது வுட்டுடச் சொல்லிட்டாரு துரை. அவரால பாக்க முடியலியாம். வெளிய வுட்டா பூனைக்குத்தான். இன்னா, உனுக்கு வேணுமா?”

பட்லர் விளையாட்டுக்குத்தான் கேட்டார். நான் முட்டைக்கூடையை அவர் காலடியிலேயே வைத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட்டம்பிடித்தேன்.

அம்மா என்னை வாசலிலேயே மறித்தாள்.

“இன்னாடி அது?”

“எலிம்மா.”

“எலியா! ஊர்ல கீறவங்க எலிய அடிச்சி வெளிய போடறாங்க. நீ வெத்தல பாக்கு வெச்சி அழச்சிகினு வர்றியா? பானைல கொஞ்சம் கேவுரு கீது, அதயும் அதுங்க பேர்ல எழுதி வெச்சிரு!”

ஷிஃப்டு முடிந்து வந்த நைனா பெட்டியைக் குனிந்து பார்த்தார். “துரை வூட்டு எலின்னாலும் எலிதான். காலைல தூக்கிப் போட்டுடணும்” என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போய்விட்டார். எங்கள் வீட்டில் அம்மாவும் நைனாவும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போவது அபூர்வம். என் கெட்ட நேரம், எலி விஷயத்தில் ஒத்துப்போனார்கள்.

ஆனால் என்னிடம் ஒரு நியாயம் இருந்தது. அதைக் கொடுத்தவரே நைனாதான். அண்டர்கிரவுண்டில் யாரும் எலியை அடிக்கமாட்டார்கள் என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். களி உருண்டையைப் பிரித்ததும் முதல் கிள்ளு எலிக்கு. அப்புறம்தான் தன் வாய்க்கு. மேலிருந்து கல் விழப்போகிறது என்றால் அது மனுஷனுக்கு முன்னால் எலிக்குத் தெரிந்துவிடுமாம். எலி ஓடினால் கையிலிருக்கிற சுத்தியலைப் போட்டுவிட்டு நீயும் ஓடவேண்டும். எலிமேல் கல்லெறிகிறவனோடு ஜோடி சேர்ந்து வேலை செய்ய யாரும் சம்மதிக்கமாட்டார்கள்.

“அங்க எலிக்கி களி போடற, இங்க எலிக்கி தொடப்பக்கட்ட எடுக்கற. இன்னா நைனா இது நாயம்?”

“அது கீழ. இது மேல.”

“எலிக்கி கீழ மேல தெரியுமா?”

நைனா தலையைச் சொறிந்தார். அம்மா விடவில்லை.

“அதுங்க பாறைல பொறந்து பாறைல வளந்த எலிங்க. இது பிஸ்கோத்து தின்ன எலி. இதுக்கு கல்லு வுயறது தெரியுமா? கப்பல் எப்ப வரும்னு கேளு, ஒருவேள சொல்லும்.”

அப்போதுதான் நான் அந்தப் பேச்சைப் பேசினேன். அதற்கு முன்னால் ஒன்று சொல்லவேண்டும். கீழே எங்காவது பாறை வெடித்தால் மேலே எங்கள் தரை ஒரு குலுக்குக் குலுக்கும். பலகைமேல் இருக்கிற தம்ளர்கள் கடகடவென்று ஆடும். அம்மா சத்தம் போடமாட்டாள். தம்ளர்கள்மேல் உள்ளங்கையை அழுத்தி அடக்கிவிட்டு, வாசலில் வந்து நின்று, ஷாஃப்டு உச்சியில் இருக்கிற சக்கரத்தைப் பார்ப்பாள். சக்கரம் சுற்றினால் கேஜ் ஏறி இறங்குகிறது என்று அர்த்தம். வழக்கம்போலச் சுற்றுகிறவரை அந்த இடத்தைவிட்டு நகரமாட்டாள். நைனாவிடம் ஒருநாளும் இதைச் சொன்னதில்லை. நான் பார்த்திருக்கிறேன்.

“எல்லா எலியும் ஒண்ணுதாம்மா,” என்றேன். “கீழ கல்லு அசஞ்சா இதுங்களுக்கும் தெரியும். இதுங்க சும்மா தூங்கிகினு இருந்தா, நைனா நல்லாகீறாருன்னு அர்த்தம். நீ சக்கரத்தயே பாத்துகினு நிக்க வாணாம்.”

அம்மா கரித்துணியை எடுத்தாள். அடுப்பைத் துடைத்தாள். துடைத்த அடுப்பையே மறுபடியும் துடைத்தாள்.

“அடுப்பாண்ட வெக்காத,” என்றாள் கடைசியில். “அந்த மூலைல வெய்யி.”

நைனா வாயைப் பிளந்துகொண்டு அம்மாவையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். என் நாக்கின் சாமர்த்தியம் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவை எது அசைத்தது என்று யோசிக்கிற புத்தி அப்போது எங்கே இருந்தது?

ஒரு நல்ல விஷயம் என்னவென்றால், வெள்ளை எலி பகல் முழுக்கத் தூங்கும். நைனா பகல் ஷிஃப்டுக்குப் போன கையோடு அம்மா பெட்டியை எட்டிப் பார்ப்பாள். ஒன்றன்மேல் ஒன்று தலைவைத்து இரண்டும் தூங்கிக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டுப் பச்சையம்மா அத்தையின் புருஷனுக்கும் நைனா இருக்கிற அதே ஆழத்தில், அதே லெவலில்தான் வேலை. முதல்நாள் எலியைப் பார்த்து அத்தை காறித் துப்பினாள். நாலு நாள் போனதும் தட்டிச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அம்மாவைக் கூப்பிட்டுக் குரல் வரும்.

“கன்னிம்மா, தூங்குதா?”

“தூங்குது க்கா.”

“செரி, செரி.”

இப்படியே போயிருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன்.

ஒருநாள் உச்சிவெயில் நேரம். அம்மா முழங்கைவரை மாவோடு கேழ்வரகு அடைக்குப் பிசைந்துகொண்டிருந்தாள். மூலையில் கரகரவென்று சத்தம். போய்ப் பார்த்தேன். இரண்டில் பெரிய எலி பெட்டிக்குள் சுற்றிச்சுற்றி ஓடியது. கீழே விரித்திருந்த துணியைப் பல்லால் கிழித்தது. கிழிசலை மூலைக்கு இழுத்தது. சின்ன எலி கிட்டே போனால் சீறிக் கடித்தது.

“இன்னாடி அது, இப்பிடி ஓடுது?” என்றாள் அம்மா.

எலி விஷயத்தில் எங்கள் வீட்டுக்கு நான்தானே டாக்டர்? கொஞ்சமும் தயங்காமல் தீர்ப்புச் சொன்னேன்: “ஓடுதும்மா! நைனா சொன்னாப்பலயே ஓடுது!”

சொல்லி முடிக்கும்போது அம்மா வீட்டில் இல்லை.

மாவுக் கையோடு, கொண்டை அவிழ, அவள் ஓடுவதைப் பச்சையம்மா அத்தை பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை. மடியில் இருந்த முருங்கைக்கீரையை உதறிவிட்டு அவளும் ஓடினாள். அத்தை ஓடுவதைப் பார்த்து அடுத்த வீடு. அதைப் பார்த்து அதற்கடுத்த வீடு. கல் சரிந்துவிட்டது என்று கிணற்றடியில் பேச்சு, லெவலே மூடிக்கொண்டது என்று மாதாகோயில் பக்கம் பேச்சு. ஷாஃப்டு வாசலுக்கு வந்து சேர்ந்தபோது இன்னின்னார் போய்விட்டார்கள் என்று பேர் சொல்லி அழுதார்கள். கடைசியாக நான் வந்தேன், எலிப்பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு. (சாட்சி வேண்டாமா?)

கேட்டில் இருந்த வாட்ச்மேன் இரண்டு கையையும் விரித்து நின்றான். அழுகைச் சத்தம் கேட்டு ஆபீஸிலிருந்து துரை இறங்கி வந்தார். அதே மேட்டுப் பங்களாத் துரை.

“என்ன இது? கீழே ஒண்ணும் இல்லை! யார் சொல்றது?”

முன்னால் நின்ற பெண் பின்னால் நின்றவளைக் காட்டினாள். அவள் இன்னொருத்தியைக் காட்டினாள். கை கையாக மாறிவந்து பச்சையம்மா அத்தையிடம் நின்றது. அத்தை அம்மாவைக் காட்டினாள். அம்மா திரும்பி என்னைக் காட்டினாள். எனக்குப் பின்னால் காட்ட யாரும் இல்லை. பெட்டியைத் தூக்கிக் காட்டினேன்.

“இதுதான் துரை சொல்லிச்சி,” என்றேன்.

பூமி பிளந்து என்னை அப்படியே அடி லெவலுக்குக் கொண்டுபோயிருக்கக் கூடாதா? துரை பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். மீசைக்கு அடியில் வாய் என்னவோ மாதிரி ஆகிவிட்டது. மெதுவாக, “டெய்சி?” என்று கூப்பிட்டார். அத்தனை ஒப்பாரிக்கு நடுவில், ஒரு துரை எலியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதை மாரிகுப்பம் அன்றைக்குத்தான் பார்த்தது. கம்பிவலையில் ஒரு விரலை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அந்த லெவல் ஆட்களை மேலே கொண்டுவரச் சொல்லி மணியடிக்க உத்தரவு கொடுத்தார்.

அங்கேதான் இன்னொரு கூத்து. ஷிஃப்டு பாதியில் மணியடித்தால் கீழே இருக்கிறவன் என்ன நினைப்பான்? மேலே லைன் தீப்பிடித்துவிட்டது, பெண்டாட்டி பிள்ளைகளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று கீழே அவர்கள் அழுதிருக்கிறார்கள். சக்கரம் சுற்றி, கேஜ் வந்து நின்றது. சேறும் மெழுகுவத்திப் புகையுமாக நைனா வெளியே பாய்ந்தார்.

“கன்னிம்மா! வூட்ல யாருக்கு இன்னா ஆச்சி?”

“உனுக்கு இன்னா ஆச்சி?”

“எனக்கு ஒண்ணுமில்லியே! உனுக்கு?”

அம்மா அவர் மார்பில் இரண்டு கையாலும் பட்பட்டென்று அடித்தாள். அடிக்க அடிக்கச் சேற்றின்மேல் கேழ்வரகு மாவு அப்பிக்கொண்டது. நைனா தடுக்கவில்லை. என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், அவருக்குப் புரிந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துப் பச்சையம்மா அத்தை பெட்டிக்குள் தலையைவிட்டாள்.

“அடிப் பாவி! இது புள்ள பெத்துகினு கீதுடி!”

கிழித்த துணி மெத்தையில் ரோஸ் நிறத்தில் குட்டிகள் நெளிந்துகொண்டிருந்தன. அழுதுகொண்டிருந்த கூட்டம் அப்படியே சிரிப்பாகத் திரும்பியது. கேஜில் வந்தவர்கள் நைனாவை விடவேயில்லை.

“மாமோவ்! பேரப்புள்ள பொறந்துகீது, வெல்லம் எங்க?”

“சுகப்பிரசவந்தானே அண்ணாத்த?”

“பொறந்தது இன்னா, துரையா துரைசானியா?”

நைனா தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். வீடு வந்துசேர்ந்தோம். வாசலில் நின்று சொன்னார்: “நாளைக்கி பேத்தமங்களா பக்கம் வயல்ல வுட்டுட்டு வந்துர்றேன். ஷாஃப்டுல நான் தல காட்ட முடியாது.”

நான் அழுவதற்கு வாயைத் திறந்தேன். என்னிடம் மிச்சம் ஒரு நியாயமும் இல்லை. அம்மா குறுக்கே வந்தாள்.

“வாணாம். இங்கியே இருக்கட்டும்.”

“நீதானம்மே வாணாம்னு குதிச்ச? பொய் சொல்லிச்சே அது, ஊரே சிரிச்சிதே!”

“பொய் சொன்னா சொல்லட்டும். தெனம் பொய் சொல்லட்டும். நிசம் சொன்னாதான் எனுக்கு பயம்.” கையில் காய்ந்துபோன மாவைச் சுரண்டிக்கொண்டே பேசினாள். “நீ பாட்டுக்கு கீழ எறங்கிப் போயிடற. நான் இங்க தம்ளர புட்ச்சிகினு நிக்கறேன். தோ, அந்தச் சக்கரம்தான் எனுக்கு தொணை. இன்னிக்கித்தான் ஓடிவந்து கண்ணால பாத்தேன். சிரிக்கறவங்க சிரிக்கட்டும்.”

நைனா வாசலிலிருந்தே ஷாஃப்டுச் சக்கரத்தைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு அதெல்லாம் அன்றுதான் தெரியும் என்று நினைக்கிறேன்.

“செரி,” என்றார் பிறகு. “அடுத்த தபா ஓடியாரப்போ கையக் கழுவிகினு வா. ஜனங்க பாக்குறாங்க.”

எலிகள் வீட்டிலேயே தங்கின. குட்டிகளுக்கு முடி முளைத்துக் கண் திறந்ததும் ஒரு அதிசயம் நடந்தது. பச்சையம்மா அத்தை கையில் ஒரு பழைய தகர டப்பாவோடு வந்து, “புள்ளைங்க கேட்டுகினே கீதுங்க, ஒண்ணு குடேன்” என்றாள். (அத்தைக்குப் பிள்ளை கிடையாது.) அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்த பெண்கள் ஒவ்வொருத்தராக வந்தார்கள். ஒருத்திக்கு விளையாட்டுக்கு வேண்டுமாம், ஒருத்திக்கு அழகுக்கு வேண்டுமாம். நிஜமான காரணத்தை யாரும் வாயால் சொல்லவில்லை. அம்மாவும் கேட்காமல் கொடுத்தாள். அப்புறம் கொஞ்ச காலம் எங்கள் லைனில், பகல் ஷிஃப்டு இறங்கியதும் வீட்டுக்கு வீடு “தூங்குதா?” “தூங்குது” என்று கேட்கும். பிளேக் வந்து எலி என்ற பேரைக் கேட்டாலே ஊர் நடுங்கியது அதற்குப் பின்னால்தான். அதற்குள் எங்கள் எலிகள் வயதாகிப் போய்ச் சேர்ந்துவிட்டன.

நைனா வேலையைவிட்டு நிற்கும்வரை அவருக்கு ‘எலி மாமா’ என்றுதான் பேர். எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாராவது வர நேரமானால், வாசலில் போய் நிற்கிறவரைப் பார்த்து, “இன்னா, எலி ஓடிச்சா?” என்று கேட்பார்கள். போனமாதம்கூட என் பேரன் ராத்திரி ஷிஃப்டு முடிந்து வரவில்லை. பொழுது ஏறிவிட்டது. அவன் பெண்டாட்டி மூன்றாவது முறையாக வாசலுக்குப் போனபோது நானே கேட்டேன். வீடே சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு ஷாஃப்டுப் பக்கம் இறங்கிவிட்டாள்.