ஹாரனின் பிரஷர்

"நூத்தி எழுபத்திரெண்டு," என்றார் நர்ஸ், கையில் சுற்றியிருந்த பட்டையைப் பிரித்தபடி. "முன்ன பாத்ததைவிட ஏறிடுச்சு அண்ணே."

பட்டைக்குக் கை நீட்டியிருந்த பஸ் டிரைவரை டிப்போவில் ஹாரன் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த நெரிசலிலும் ஹாரனைத் தொடாமல் பஸ் ஓட்டுகிறவர் என்பதால் வந்த பெயர். குறுக்கே லாரி வந்தாலும் பதறாத மனிதருக்கு, அந்தப் பட்டையைக் கண்டால் மட்டும் பரீட்சைக்குப் போகிற பையன் மாதிரி வேர்த்துவிடும்.

"வீட்ல பாத்தா நார்மலா இருக்கு சிஸ்டர்."

"எல்லாரும் வீட்ல நார்மல்தான். இன்னொரு தடவை பாக்குறேன். அப்பவும் இப்படியே இருந்தா டாக்டர் ஃபிட்னஸ் சர்டிபிகேட்ல கையெழுத்துப் போட மாட்டார். ஸ்டியரிங்கை மறந்துட்டு ஆபீஸ்லதான் உக்காரணும். வெளிய போய் மனசை லேசாக்கிட்டு வாங்க."

மனசு என்ன டயரா, காற்றைப் பிடுங்கி லேசாக்க?

வராந்தாவில் உட்கார்ந்து மனைவிக்கு போன் போட்டார்.

"மூச்சை நல்லா இழுத்து இழுத்து விடுங்க," என்றாள் மனைவி.

மேடேறும் பஸ் மாதிரி புஸ்புஸ்ஸென்று இழுத்தார். விரல் நுனியெல்லாம் மரத்துப்போனது.

"ஆச்சாங்க?"

"தலை சுத்துது."

"அப்ப நிறுத்துங்க. உங்களைக் கேட்டு எனக்கு பிரஷர் ஏறுது."

துணைக்கு வந்திருந்த கண்டக்டர் ஒரு பெரிய பாட்டிலை நீட்டினார். "தண்ணி குடி மாமா. தானா இறங்கிரும்."

முழு பாட்டிலும் உள்ளே போனது. பிரஷர் இறங்கியதோ என்னவோ, தண்ணீர் இறங்கியது. கழிவறை வாசலில் 'சுத்தம் செய்யப்படுகிறது' என்ற பலகை. ஹாரன் கால்மேல் கால் போட்டு நெளிந்தார்.

"முகத்துல பச்சத்தண்ணி அடிச்சா நரம்பு அடங்கும்னு சொல்றாங்க மாமா," என்ற கண்டக்டர் பதிலுக்குக் காத்திராமல் அடித்தார். சட்டை முழுக்க நனைந்தது. ஏ.சி. காற்றில் ஹாரனுக்குப் பல் தந்தியடித்தது.

"என்ன மாமா, ஆத்துல விழுந்த ஆளை மீட்டு வந்த மாதிரி இருக்க?"

"நீ முதல்ல கிளம்பு. உன் வைத்தியத்துக்கு என் வியாதியே மேல்."

கண்டக்டர் போனார். பலகையும் போனது. ஹாரன் போய்விட்டுத் திரும்பியபோது, பக்கத்து நாற்காலியில் ஓர் அம்மாள் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விசும்பிக்கொண்டிருந்தார்.

"தம்பி, உள்ள ஊசி போடுவாங்களா?"

"இல்லக்கா, கையில பட்டை கட்டுவாங்க. அவ்வளவுதான்."

"வலிக்குமா?"

"குழந்தை கையைப் புடிச்ச மாதிரி லேசா இறுக்கும்."

"நெஞ்சு அடிக்கிறது எனக்கே கேக்குது தம்பி."

ஹாரன் கையை நீட்டினார். அந்த அம்மாள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவா மூச்சை விடுங்கக்கா. இழுக்கிறதைவிட விடுறது நீளமா இருக்கட்டும். ஸ்டாப்புல பஸ்ஸை நிறுத்துற மாதிரி. நிக்கிறவங்க யாரும் விழக் கூடாதுல்ல?" சொல்லிக்கொடுக்க அவரும் கூடவே விட்டுக் காட்டினார்.

"நீங்க பஸ் ஓட்டுறீங்களா?"

"ஆமாக்கா. காலையில முதல் ட்ரிப்புல ராத்திரி வேலை முடிச்ச பொண்ணு ஒண்ணு ஏறும். உக்காந்ததும் தூங்கிரும். அது முழிச்சிரக் கூடாதுன்னு, வேகத்தடை வந்தா பஸ்ஸைக் கையில தூக்கி வைக்கிற மாதிரி இறக்குவேன்."

"அதுக்குத் தெரியுமா?"

"தூங்குற புள்ளைக்கு எப்படிக்கா தெரியும்?"

அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஹாரனும் சிரித்தார். அதற்குள் நர்ஸ் கூப்பிட்டுவிட்டார்.

"பயப்படாதீங்கக்கா, இப்ப வந்துடறேன்," என்று திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே உள்ளே போனார். பட்டை கட்டியதை அவர் கவனிக்கவே இல்லை.

"நூத்தி இருபத்தாறு," என்றார் நர்ஸ். "போய் வண்டியை எடுங்க அண்ணே."

ஹாரன் எழுந்து நின்றார். "எல்லாம் அந்தக்கா புண்ணியம் சிஸ்டர். பாவம், அவங்க பயத்தைப் பாத்ததுல என் பயம் எங்க போச்சுன்னே தெரியல. கையெடுத்துக் கும்பிட்டு ஒரு நன்றி சொல்லிட்டு, அவங்க டெஸ்ட் முடியுற வரைக்கும் கூடவே இருந்துட்டுப் போறேன்."

கதவைத் திறந்தார். அவருடைய நாற்காலியில் ஆறடி உயர லாரி டிரைவர் ஒருவர் வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாளின் கை இப்போது அவர் கைக்குள் இருந்தது. "அழாதீங்கக்கா, நான் இருக்கேன்ல," என்று சொல்லிக்கொண்டிருந்தார் அவர்.

ஹாரனின் ஈரச் சட்டையைப் பின்னாலிருந்து மெல்ல இழுத்தார் நர்ஸ்.

"நன்றியெல்லாம் சாயங்காலம் சொல்லிக்கலாம் அண்ணே. அவங்க இப்ப டியூட்டியில இருக்காங்க."