குதிகாலில் ஆள்மாறாட்டம்

இனிமேல் என் கால் என் கையில்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இப்படி முடிவெடுத்தேன். மனதுக்குள் எடுத்திருந்தால் பிழைத்திருப்பேன். வாய்விட்டு அறிவித்துவிட்டேன். குளியலறை வாசலில் பிளாஸ்டிக் பேசினை வைத்து, முழங்கையை விட்டுத் தண்ணீரின் சூடு பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"யார் கால்?"

"என் கால்."

"யார் கையில்?"

"என் கையில்தான். நானே கழுவிக்கறேன், நானே துடைச்சுக்கறேன், நானே க்ரீம் தடவிக்கறேன். நீ இனிமே என் கால் பக்கமே வரவேண்டாம்."

இந்தப் புரட்சிக்குக் காரணம் ஒரு போர்வை. எனக்குப் பதினொரு வருஷமாகச் சர்க்கரை. இரண்டு வாரத்துக்கு முன்னால் காலையில் எழுந்தேன். போர்வையும் என்னோடு எழுந்தது. நான் நடந்தேன். அதுவும் நடந்தது. என் குதிகாலின் வெடிப்பில் போர்வை நூல் மாட்டிக்கொண்டிருந்தது. அதை ஒரு சவரப் பிளேடால் நான் சரிசெய்யப் போன நேரத்தில் மனைவி பார்த்துவிட்டாள். பிளேடைப் பிடுங்கினாள். என்னை டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

"சர்க்கரை இருந்தா கால் சரியா வேர்க்காது. தோல் காஞ்சு வெடிக்கும்" என்றார் டாக்டர். "வெடிப்பு வழியா கிருமி போச்சுன்னா சின்னப் புண்ணு பெரிய புண்ணாகும். அப்புறம் காலைக் காப்பாத்தறதே கஷ்டம். யூரியா கலந்த க்ரீம் எழுதறேன், தினமும் தடவுங்க."

"யூரியாவா? அது பயிருக்குப் போடறதாச்சே! கால் வளர்ந்துடாதா டாக்டர்?"

டாக்டர் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. நோட்டுப் புத்தகத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். எதையும் எழுதிக்கொண்டால் அது சட்டம்.

அன்றிலிருந்து சட்டத்தின் ஆட்சி. வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவவேண்டும், ஆனால் ஊறப்போடக் கூடாது. துண்டால் ஒற்றவேண்டும், தேய்க்கக் கூடாது. விரல் இடுக்கில் ஈரம் இருக்கக் கூடாது. ஈரம் காய்ந்ததும் மேல்பாதம், உள்ளங்கால், குதிகால் எல்லாம் க்ரீம் தடவவேண்டும். விரல் இடுக்கில் மட்டும் தடவக் கூடாது. வீட்டுக்குள்ளேயும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. செருப்புக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் காலை விடவேண்டும். ஒரு காலுக்குக் கால் மணி. இரண்டு காலுக்கு அரை மணி. கணக்கு சரி, கணவன்தான் பாவம்!

இதில் என் கௌரவம் வேறு இருக்கிறது. டைல்ஸ் தொழிற்சாலையில் தரப் பரிசோதகன் நான். இருபத்திரண்டு வருஷமாக ஓடு ஓடாக விரல் முட்டியால் தட்டி, சத்தத்தை வைத்தே விரிசல் சொல்கிறவன். நான் 'கழித்துக்கட்டு' என்றால் லாரியே நின்றுவிடும். அப்படிப்பட்டவனைத் தினமும் நாற்காலியில் உட்காரவைத்து, காலை மடியில் தூக்கிப் போட்டு, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒருத்தி விரிசல் எண்ணினால்?

"சரி" என்றாள் மனைவி அந்த ஞாயிற்றுக்கிழமை. அவ்வளவு சுலபமாக அவள் 'சரி' சொல்லி நான் கேட்டதில்லை. அப்போதே சுதாரித்திருக்கவேண்டும். "நீங்களே பண்ணிக்கோங்க. ஆனா தினமும் வேலை முடிஞ்சு வந்ததும் பண்ணிட்டு, குதிகாலை ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிடுங்க. நான் ஆபீஸ்லேருந்தே பாத்துக்கறேன்."

"போட்டோவா? ஒண்ணென்ன, ஒன்பது அனுப்பறேன்!"

திங்கட்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து வந்தேன். மனைவி மூன்றேகாலுக்குத்தான் வருவாள். பேசினை வைத்தேன். உட்கார்ந்தேன். குனிந்தேன். குனிந்ததாக நான்தான் நினைத்துக்கொண்டேன். எனக்கும் என் காலுக்கும் நடுவில் என் தொப்பை ஒரு சமரசமில்லாத மத்தியஸ்தராக உட்கார்ந்திருந்தது. நான் என் பாதத்தை நேருக்கு நேர் பார்த்து ஆறேழு வருஷம் இருக்கும். எப்படியோ ஒரு காலைத் தூக்கிப் பிடித்து, கழுத்தை ஒடித்து, மூன்று போட்டோ எடுத்தேன். ஒன்றில் மின்விசிறி. ஒன்றில் என் மூக்கு. மூன்றாவது எடுக்கும்போது போன் பேசினில் விழுந்தது.

போனைத் துடைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். அங்கே இருப்பவர் டிரைவர் அண்ணன். முப்பத்தைந்து வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், மகள் வெளியூரில். தனிக்கட்டை. சர்க்கரையில் எனக்குப் பத்து வருஷம் சீனியர். 'அந்தப் பதவியிலேயே சீனி இருக்கு பாரு தம்பி' என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

"அண்ணே, என் குதிகாலை ஒரு போட்டோ எடுத்துக் கொடுங்க" என்று வாயைத் திறந்தவன் அப்படியே நின்றேன்.

அண்ணன் இரண்டு காலையும் ஸ்டூலில் நீட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். குதிகால்! வெடித்த குதிகால்! வெள்ளை பூத்து, ஓரமெல்லாம் பிளந்து, அசல் என் குதிகாலின் அண்ணன்!

"அண்ணே, அப்படியே இருங்க. அசையாதீங்க."

"என்ன தம்பி, பல்லியா?"

"இல்லேண்ணே. ஐடியா."

கேட்டதும் அண்ணன் தொடையில் தட்டிச் சிரித்தார். "தங்கச்சியை ஏமாத்தறதா? எனக்குப் பாவம் வேணாம்ப்பா."

"உங்களுக்கு என்ன பாவம்? நீங்க பாட்டுக்குப் பேப்பர் படிங்க. கால் மட்டும் வாடகைக்கு."

படம் போனது. ஒரு நிமிஷத்தில் மனைவியிடமிருந்து பதில் வந்தது. 'க்ரீம் தடவின மாதிரியே தெரியலையே. தடவிட்டு மறுபடி அனுப்புங்க.'

என்ன செய்வது? வீட்டுக்கு ஓடிப்போய் க்ரீமை எடுத்து வந்தேன். அண்ணன் காலில் தடவினேன். அனுப்பினேன்.

'கழுவாம தடவியிருக்கீங்க. அழுக்கு தெரியுது.'

பேசினை எடுத்து வந்தேன். முழங்கையால் சூடு பார்த்தேன். அண்ணன் காலைக் கழுவினேன். ஒற்றினேன். தடவினேன். அனுப்பினேன்.

'விரல் இடுக்குல க்ரீம் இருக்கு. டாக்டர் கூடாதுன்னாரே. எடுங்க.'

எடுத்தேன்.

"தம்பி, இடது பக்கம் கொஞ்சம் விட்டுப்போச்சு" என்றார் அண்ணன், பேப்பரை இறக்காமலே.

இப்படி ஆரம்பித்தது, தினமும் நடந்தது. ஷிப்ட் முடிந்ததும் நேராக அண்ணன் வீடு. பேசின், துண்டு, க்ரீம், போட்டோ. பிறகு என் வீடு. சாப்பாடு. மூன்று மணிக்குப் படுக்கை. நான் தூங்கினால் இரும்பு பீரோவை உருட்டினாலும் எழுந்திருக்கமாட்டேன், நாலரைக்குக் காபி வாசனைக்குத்தான் எழுந்திருப்பேன். எழுந்ததும் மனைவி போட்டோவைப் பாராட்டுவாள்.

"பரவாயில்லையே, வெடிப்பெல்லாம் மூடிக்கிட்டு வருது!"

"யார் கவனிக்கறது? நானாச்சே!"

"வலது குதிகாலுக்கு நாளைக்குக் கொஞ்சம் கூடத் தடவுங்க."

"தடவிட்டா போச்சு."

உள்ளுக்குள் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஒரு மாதம்! ஒரு மாதமாக என் மனைவியை ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன்! கல்யாணமான இருபத்தெட்டு வருஷத்தில் என் முந்தைய சாதனை பதினொரு நிமிஷம்.

மாத முடிவில் மறுபரிசோதனை என்று கிளினிக்குக்குக் கூப்பிட்டாள். சிரிப்பு அடங்கியது. போட்டோவை அண்ணன் காலால் சமாளித்தேன். காலையே காட்டச் சொன்னால்? கிளினிக் வாசல் வரை மனைவிக்குப் பத்தடி பின்னாலேயே நடந்தேன்.

நர்ஸம்மா என் சாக்ஸைக் கழற்றினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திட்டு விழப்போகிறது.

"அட! பிரமாதமா இருக்கே சார்! பட்டு மாதிரி ஆயிடுச்சே!"

கண்ணைத் திறந்தேன். கண்ணாடியைக் காலுக்கடியில் பிடித்துக் காட்டினார். நம்பமுடியவில்லை. வெடிப்பு இல்லை. வெள்ளைப் பூப்பு இல்லை. மழமழவென்று ஒரு குதிகால். என் காலோடுதான் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒரு துளி க்ரீம் படாமல் தானாகவே குணமாகிவிட்டது! என்ன உடம்பு! என்ன பரம்பரை! நெஞ்சை நிமிர்த்தினேன்.

"தினமும் நானே பண்றேம்மா. ஒரு நாள் தவறினதில்லே. விரல் இடுக்குல மட்டும் தடவமாட்டேன்."

மனைவி சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உணர்ச்சி எப்படி இருக்குன்னு பாத்துடலாம்" என்று நர்ஸம்மா ஒரு நைலான் இழையை எடுத்தார். "கண்ணை மூடிக்கோங்க. இழை படும்போது 'தெரியுது'ன்னு சொல்லுங்க."

மூடினேன். பரீட்சையில் நான் தோற்றதில்லை. "தெரியுது" என்றேன்.

"நான் இன்னும் தொடவே இல்லை சார்."

"சரி, இப்ப தெரியுது."

"இப்பவும் தொடலை."

பிறகு நான் ரொம்ப கவனமாகக் காத்திருந்தேன். எதுவும் தெரியவில்லை. காத்துக்கொண்டே இருந்தேன். கண்ணைத் திறந்தபோது நர்ஸம்மா இழையைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன, ஆரம்பிக்கலையா?"

"முடிச்சுட்டேன் சார். ஒவ்வொரு கால்லயும் அடிப்பக்கம் ஒன்பது இடம். குதிகால்லயும் உள்ளங்கால்லயும் உங்களுக்கு ஒண்ணுமே தெரியலை. ஆணி குத்தினாலும் தெரியாது. இந்த மாதிரிக் காலைக் கண்ணாலதான் காப்பாத்தணும்."

எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. என் காலே எனக்கு அந்நியமாகத் தெரிந்தது. பிளேடு எடுத்த அன்று கொஞ்சம் ஆழமாகப் போயிருந்தால்?

மனைவி சன்னலை விட்டுத் திரும்பினாள். கண் ஓரம் கொஞ்சம் ஈரம். ஆனால் குரல் பழைய குரல்தான்.

"எனக்கு முன்னாலேயே தெரியும் சிஸ்டர். தினமும் மூணேகால் மணிக்கு வந்து, இவர் தூங்கும்போது ஈரத் துணியால துடைச்சு, ஒத்தி, க்ரீம் தடவி, சாக்ஸ் மாட்டி, எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி கழட்டிடறேன். மேல்பாதத்துல தடவறப்போ மட்டும் கொஞ்சம் நெளிவார். உள்ளங்கால்ல என்ன பண்ணாலும் குறட்டை ஒரு சுருதிகூட மாறாது."



"அப்போ... அந்த போட்டோ?"

"முதல் நாளே தெரிஞ்சுபோச்சு."

"எப்படி? குதிகாலை மட்டும்தானே எடுத்தேன்!"

"குதிகாலுக்குக் கீழே பச்சைத் தரை இருந்ததே. நம்ம வீட்டுத் தரை சாம்பல் கலர். அந்தப் பச்சை டைல்ஸ், உங்க கம்பெனியில கழிச்சுக்கட்டினதுன்னு நீங்களே டிரைவர் அண்ணனுக்கு வாங்கிக் கொடுத்தது. இருபத்திரண்டு வருஷமா டைல்ஸ் பாக்கறவருக்குத் தரை கண்ணுல படலை!"

"தெரிஞ்சும் ஏம்மா ஒண்ணும் சொல்லலை? ஒரு மாசமா அவர் காலைக் கழுவிட்டிருக்கேனே!"

"அண்ணனுக்கு யார் இருக்காங்க, சொல்லுங்க. நான் போய் 'காலைக் காட்டுங்க'ன்னா கூச்சப்படுவார். உங்களைப் போய்ப் பண்ணச் சொன்னா நீங்க பண்ணுவீங்களா? நீங்களா விரும்பிப் பண்றீங்க. எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன். அப்பப்போ எங்கே தடவணும்னு மட்டும் சொன்னேன்."

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. டிரைவர் அண்ணன் உள்ளே வந்தார். புதுச் செருப்பு, புதுச் சட்டை.

"தங்கச்சி, என் பேரைக் கூப்பிட்டாங்களா?"

"வாங்கண்ணே, அடுத்தது நீங்கதான்."

அண்ணன் என்னைப் பார்த்து அசடு வழியச் சிரித்தார். "மன்னிச்சுக்க தம்பி. ரெண்டாவது நாளே தங்கச்சி வந்து பேசிடுச்சு. சொன்னா நீ நிறுத்திடுவேன்னு சொல்லாம இருந்துட்டேன். நீ தடவறது அவ்வளவு சுகமா இருந்துச்சு."

நர்ஸம்மா அண்ணன் காலைத் தூக்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"போன தடவை வந்தப்போ இந்தக் குதிகால் எப்படி இருந்துது! இப்ப ஒரு வெடிப்பு இல்லை. விரல் இடுக்கெல்லாம் சுத்தமா இருக்கு. யார் பண்ணது இது?"

இரண்டு விரல்கள் என் பக்கம் நீண்டன. ஒன்று அண்ணனுடையது, ஒன்று மனைவியுடையது.

"சார், உங்களைத்தான் தேடிட்டிருந்தோம்!" என்றார் நர்ஸம்மா. "காலைக் கவனிக்க ஆளில்லாதவங்களுக்குச் சனிக்கிழமை சனிக்கிழமை இங்க ஒரு வகுப்பு நடத்தறோம். பதினாறு பேர் வர்றாங்க. நேர்ல செஞ்சு காட்ட ஒருத்தர் கிடைச்சா..."

"சனிக்கிழமையா? எனக்கு ஷிப்ட்..." என்று ஆரம்பித்தேன்.

"சனிக்கிழமை இவருக்கு லீவு" என்றாள் மனைவி. அதற்குள் பேனா அவள் கையில் இருந்தது.

பதினாறு பேர், முப்பத்திரண்டு கால்: பெயர் கொடுத்தது அவள், கால் பிடிக்கப் போகிறவன் நான்.