விட்டுக்கொடுத்த தண்ணீர்

மேகலாபுரியில் அரசர்கள் அடிக்கடி மாறினார்கள். யார் ஆண்டாலும் குடிகள் அரண்மனைக்குள் நுழைய முடியாது. வாசலில் நிற்கும் துபாஷியிடம் கோரிக்கையைச் சொன்னால், அவர் அதை அரண்மனை மொழியில் உள்ளே சொல்வார். மடையில் தண்ணீர் வேண்டுமானால் ‘திற’ என்பார்கள். ஒவ்வொரு புதிய அரசரும் புதுச் சொற்களைச் சேர்த்தாரே தவிர, பழைய சொல்லை எவரும் தள்ளியதில்லை.

இம்முறை அரசர் மாறியதும் ஒப்புமைத்துறை அமைச்சர் மகுடேசர் ஓர் ஆணை பிறப்பித்தார். ஆளும் அரசரின் சொல்லையே குடிகளும் பேச வேண்டும். பழஞ்சொல் பேசினால் சிறை. இனி ‘திற’ இல்லை, ‘விடுவி’.

செங்கமலத்தின் கொடிக்காலில் வெற்றிலை வாடிக்கொண்டிருந்தது. வாசலுக்குப் போய், தன் முறைத் தண்ணீரை விடுவிக்கும்படி கேட்டாள். பழைய அரசர்கள் காலத்தில் பயின்ற துபாஷிக்கு ‘விடுவி’ என்றால் விட்டுக்கொடுப்பது. அப்படியே உள்ளே சொன்னார். அரண்மனை அவள் தியாகத்தை மெச்சி, தண்ணீரைத் தன் பூங்காவுக்குத் திருப்பிக்கொண்டது.

அவள் அமைச்சரிடம் போய் நின்றாள்.

“நாங்க தண்ணிதாங்க கேட்டோம். துபாஷி வேற அர்த்தத்துல சொல்லிட்டாரு. அவருக்குப் புதுச் சொல்ல யாரும் சொல்லித் தரலீங்களே.”

“அரசர் சொல்லும் குடிகள் சொல்லும் இம்மி பிசகாமல் பொருந்துகின்றன” என்றார் மகுடேசர். “இடையில் நிற்பவரைப் பற்றி ஆணையில் எதுவும் இல்லை.”

ஆனாலும் குறை தீர்க்க இன்னோர் ஆணை வந்தது: சொல்லை மூன்று முறை உரக்கச் சொல்ல வேண்டும். சொன்னார்கள். மூன்று முறைத் தண்ணீரும் பூங்காவுக்குப் போயிற்று.

கொடிகள் கருகத் தொடங்கியபோது செங்கமலம் மறுபடி வாசலுக்கு வந்தாள். காவலர்கள் பார்த்துக்கொண்டிருக்க, “திற” என்றாள். துபாஷிக்குப் புரிந்தது, அரண்மனைக்கும் புரிந்தது. மடை திறந்தது. காவலர்களுக்கும் ஊரில் வயல் இருந்தது. அவர்கள் காதில் எதுவும் விழவில்லை. அவளுக்குப் பின்னால் ஊரே வரிசையில் நின்றது.

கால்வாய் நிரம்பியதைக் கண்ட மகுடேசர், தம் ஆணை பலித்தது என்று அறிவித்துத் தமக்கே பாராட்டு விழா எடுத்தார். செங்கமலத்தை மேடையேற்றி, புதுச் சொல்லில் நன்றி கூறச் சொன்னார்கள். பக்கத்தில் துபாஷி காத்து நின்றார். நன்றி என்று தான் சொல்வது உள்ளே என்னவாகப் போய்ச் சேருமோ என்று நினைத்து, அவள் வாயே திறக்கவில்லை.

குடிகள் ஏகமனதாக ஆதரிக்கிறார்கள் என்று துபாஷி உள்ளே சொன்னார்.