ஓட்டை சாரும் காணாமல் போன கெட்டிலும்

மெதுவடையைப் பார்த்தால் உலகத்தில் எல்லோருக்கும் வடை தெரியும். நடுவில் இருக்கும் ஓட்டையைப் பார்த்து மெய்மறந்து, வடையை ஆறவிட்ட ஒரே மனிதர் எழுபதுகளில் விருத்தாசலத்தில் என்னோடு ஒரே அறையில் குடியிருந்தார். ஊரில் அவருக்கு ‘ஓட்டை சார்’ என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லித் தேடி வந்த தபால்காரரை, அப்படி யாரும் இங்கே இல்லையே என்று நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இருவருக்கும் ஒரே பீங்கான் கம்பெனியில் வேலை. நான் கப்பு சாசருக்கு வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்கும் பிரிவு. அவர் டிசைன் பிரிவு. புதிதாக வரவிருந்த டீ கெட்டிலுக்குப் படம் போடச் சொன்னார்கள். வேறு யாராவது என்றால் பென்சிலும் ஸ்கேலுமாக உட்கார்ந்து முடித்திருப்பார்கள். இவரோ சென்னையில் ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் பழகிவிட்டு வந்தவர். எங்கள் ஊரில் பாதிப்பேர் கம்ப்யூட்டர் என்றால் ஏதோ சீமை டானிக் என்று நினைத்திருந்த காலம் அது. கெட்டிலை அந்த மெஷின்தான் வரைய வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

கெட்டிலின் வயிற்றை வரைவது சுலபமாம். மூக்கு ஒட்டுகிற இடத்தில் வயிற்றில் ஓட்டை போடுவதுதான் பெரும்பாடாம். வளைந்த பரப்பில் விழும் ஓட்டை சமர்த்தாக வட்டமாக இருக்காது, நெளியும். அதை மெஷினுக்குச் சொல்ல அவர் ஒரு எறும்பை வைத்திருந்தார், கற்பனையில்தான். ஓட்டையின் விளிம்பு வழியாக எறும்பு ஒரு சுற்று வரும். அதன் இடது பக்கம் இருப்பது படத்தில் நிற்கும், வலது பக்கம் இருப்பது போய்விடும். அவ்வளவுதான் விதி.

இதை எனக்கு விளக்குவதற்காக, வீட்டுக்காரம்மா சாம்பாருக்கு வைத்திருந்த பூசணிக்காயில் மசியால் கோடு போட்டு, வெட்டியும் காட்டினார். அந்த அம்மாள் கோபப்படவில்லை. “ஓட்டையை நீங்க வச்சிக்கிட்டு, காயை எனக்குக் குடுத்துடுங்க சார்” என்றார். மசி வாசனையோடு நாங்கள் அன்று சாம்பார் சாப்பிட்டோம்.

கடைசியில் கணக்கையெல்லாம் அந்த மெஷின் படிக்கிற மாதிரி அட்டை அட்டையாகத் துளை போட்டு, பிஸ்கட் டின்னில் அடைத்து, சென்னைக்கு ரயிலேறினார். சுருட்டிய காகிதத்தோடு திரும்பினார். மேனேஜர் மேஜையில் விரித்தபோது மொத்தக் கம்பெனியும் எட்டிப் பார்த்தது. அத்தனை பெரிய வெள்ளைத் தாளின் நடுவில், நசுங்கிய கோலிக்குண்டு மாதிரி ஒரு சின்ன வடிவம். மேனேஜர் தாளின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்துவிட்டு, கெட்டில் எங்கே என்று கேட்டார்.

“கெட்டில் போயிடுச்சு சார். இது ஓட்டை” என்றார் இவர், குழந்தை பிறந்த செய்தியைச் சொல்வதுபோல.

எறும்பு திசை மாறி நடந்துவிட்டதாம். இன்னும் ஒரே ஒரு தடவை சென்னை போகலாம், அதிலும் கெட்டில் வராவிட்டால் வேறு கம்பெனி பார்த்துக்கொள்ளலாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

அந்த வாரம் பார்த்துத்தான், ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பெண்ணைப் பெற்ற ஒருவர், மாப்பிள்ளை எப்படிப்பட்டவர் என்று சத்தமில்லாமல் விசாரிக்க வந்தார். சார் எங்கே என்று என்னிடம் கேட்டார். பிள்ளையார் கோயிலில் இருக்கிறார் என்று நான் பெருமையாகச் சொன்னேன். பக்திமான் என்று நினைத்து அவரும் மலர்ந்த முகத்தோடு போனார்.

அங்கே ஓட்டை சார் இடது கையை நீட்டிக்கொண்டு பிள்ளையாரை அப்பிரதட்சிணமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு நின்று யோசித்து, நேராகச் சுற்றினார். பெரியவர் மெதுவாக, என்ன வேண்டுதல் தம்பி என்று கேட்டிருக்கிறார்.

“வேண்டுதல் இல்லீங்க. நேரா சுத்துனா புள்ளையார் போயிடுறார், ஊரு நிக்குது. மாத்தி சுத்துனா ஊரே போயிடுது, புள்ளையார் மட்டும் இருக்கிறார்.”

பெரியவர் அடுத்த பஸ்ஸைப் பிடித்தார். சம்பந்தம் முறிந்தது. என் வாயால் கெட்டதே என்று நான் நொந்துகொண்டிருக்க, இவர் மட்டும் நேராகச் சுற்றுவதுதான் சரி என்று அட்டைகளைத் திருத்திக்கொண்டிருந்தார்.

ஆனால் பெரியவர் வீட்டில் போய் இதைச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டபோது, எல்லோரும் அடித்துக்கொண்டார்கள், அவர் மகளைத் தவிர. அந்தப் பெண் கருவேப்பிலங்குறிச்சி ஸ்கூலில் கணக்கு டீச்சர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. வீட்டுக்காரம்மா காப்பி கொடுத்தார். ஓட்டை சார் எறும்பு, விளிம்பு, இடது, வலது எல்லாம் சொல்லி முடித்தார். அந்தப் பெண் கேட்டது.

“போயிடுதுன்னா, எங்கங்க போவுது?”

அவர் நிமிர்ந்தார். அந்த ஊரில் அத்தனை நாளும் அவரிடம் எல்லோரும் கேட்டது ‘இதெல்லாம் எதுக்கு’ என்பது மட்டும்தான்.

“எங்கயும் போவலங்க,” என்றார். “வளைவு முழுசா அப்படியேதான் இருக்குது. எதைக் காட்டணும், எதைக் காட்டக்கூடாதுன்னு மட்டும்தான் மெஷினுக்குச் சொல்றோம்.”

“அப்ப வேணும்னா திரும்பக் கொண்டாந்துடலாம்?”

“கொண்டாந்துடலாங்க.”

பெரியவர் என்னைப் பார்த்தார். நான் காப்பி டம்ளரைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்பது மட்டும் விளங்கியது.

அடுத்த சென்னைப் பயணத்தில் கெட்டில் முழு வயிற்றோடு, மூக்குக்கு இடம் விட்டு, அழகாக வந்து சேர்ந்தது. மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, பென்சிலால் வரைந்த மாதிரியே இருக்கிறதே என்று பாராட்டினார். ஓட்டை சாருக்கு வந்த ஒரே வருத்தம் அதுதான்.

கல்யாணமான கையோடு சென்னையில் வேலை கிடைத்து இருவரும் போய்விட்டார்கள். அறைக்கு வேறு ஆள் பார்க்கட்டுமா என்று வீட்டுக்காரம்மா என்னிடம் கேட்டார். கொஞ்ச நாள் போகட்டும் என்றேன்.