லைனை நிறுத்திய ரிஜெக்ட் அண்ணன்

ரிஜெக்ட் அண்ணன் கையில் கொடுத்திருந்தால் நிலா வானத்துக்கே போயிருக்காது. “மூஞ்சி முழுக்கக் குழியா கீது. இத்த யாருய்யா பாஸ் பண்ணது?” என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

அவருக்குச் சொந்தமாக ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில், பொருள் வெளியே போகுமுன் கடைசியாகப் பார்த்து, நல்லதா சொத்தையா என்று சொல்லும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பிரிவு உபசாரத்தில் போட்ட மாலையை, ஒரு பக்கம் பூ கம்மி என்று திருப்பிக் கொடுத்துவிட்டதாக ஊரில் பேச்சு.

ஓய்வு பெற்றவர் வீட்டில் படுத்துத் தூங்கியிருக்கலாம். என் ஜாதகம், அந்த நேரம் பார்த்து சேரப்பணஞ்சேரியில் ‘வட்டார நலவுதவி மையம்’ என்று அரசாங்கம் புதிதாக ஒன்றைத் திறந்து, என்னைப் பொறுப்பாளராகப் போட்டது. முதியோர் உதவித்தொகையோ, விதவை உதவித்தொகையோ, எதற்கும் இனி தாலுகா ஆபீசுக்கு அலைய வேண்டாம். இதை மக்களுக்கு அறிமுகப்படுத்துவது என் பொறுப்பு. ஷேர் ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டி, பென்னலூர் வரைக்கும் நானே கத்திக்கொண்டு போனேன். மறுநாள் வாசலில் பெருங்கூட்டம். எனக்குப் புல்லரித்தது. முன்னால் நின்றவர் கேட்டார்.

“சார், நகைக்கு எவ்ளோ லோன் குடுப்பீங்க?”

“இது லோன் கம்பெனி இல்லீங்க. கவர்மென்ட்டு.”

“கவர்மென்ட்டா? அது எதுக்கு எங்க வூட்டாண்ட வருது?”

கூட்டம் கலைந்தது. கலையாமல் நின்றவர் ரிஜெக்ட் அண்ணன் ஒருவர்தான். பெயர்ப்பலகையையே முறைத்துக்கொண்டிருந்தார்.

“போர்டு ஒரு பக்கம் எறங்கிக்கினு கீது சார்.”

“சரி பண்ணிடலாங்க.”

“போர்டே கோணலா கீதுன்னா, உள்ள இன்னா லட்சணத்துல வேல நடக்கும்?”

அந்த லட்சணத்தைப் பார்க்க மறுநாள் வந்தார். பிறகு போகவே இல்லை. காலையில் எங்களை வாசலில் நிறுத்தி, கம்பெனியில் செய்வதுபோல் கையைத் தூக்கி இடுப்பைத் திருப்பச் சொன்னார். என் இடுப்பு திருப்புவதற்காகச் செய்யப்பட்டது அல்ல. திருப்பினால் சட்டைதான் திரும்பும். ஏன் மறுக்கவில்லை என்று கேட்காதீர்கள். மறுக்கிற தைரியம் இருந்திருந்தால் நான் இந்நேரம் சொந்தமாகத் தொழில் செய்துகொண்டிருப்பேன்.

வரிசை நிற்கத் தரையில் மஞ்சள் கோடு போட்டார். மிச்சமிருந்த பெயின்ட்டில் என் மேசை மீது ஒரு வட்டம். டீ டம்ளர் அதற்குள்தான் இருக்க வேண்டுமாம். இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். கயிறு வந்தபோதுதான் என் பொறுமை போனது.

“கம்பெனில லைன் மேல ஒரு கயிறு தொங்கும் சார். தப்பு கண்ணுல பட்டா, லைன்ல நிக்கிறவங்க யார் வேணா இழுக்கலாம். மணியடிக்கும், லைன் நின்னுடும். காரணத்தக் கண்டுபுடிச்சு சரி பண்ணாதான் மறுபடி ஓடும். மேனேஜரே வந்து கெஞ்சுனாலும் ஓடாது.”

“இங்க லைன் எங்கண்ணே இருக்கு?”

வரிசையைக் காட்டினார். “பின்ன இது இன்னா, கல்யாண ஊர்வலமா?”

நைலான் கயிறும் பித்தளை மணியும் தொங்கின. ஃபேன் ஓடவில்லை என்று ஒருவர் இழுத்தார். குறுக்கே புகுந்துவிட்டான் என்று இன்னொருவர் இழுத்தார். சிங்கப்பெருமாள் கோவில் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கவும் ஒரு பெரியவர் இழுத்தார். ஒவ்வொரு முறையும் அண்ணன் கவுன்டர் கதவைச் சாத்திவிடுவார்.

“அண்ணே, உங்களால பாதி வேலகூட நடக்கல!”

“முழுசா தப்பு பண்றதுக்கு, பாதிய ஒழுங்கா பண்ணலாம் சார்.”

மாவட்டப் பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்று தகவல் வந்தது. “அன்னைக்கு ஒரு நாள் மட்டும் வராதீங்கண்ணே” என்று கையைப் பிடித்துக் கெஞ்சினேன். “ஆடிட்டு அன்னிக்கா லீவு போடுவாங்க?” என்றவர், அன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றார்.

அதே நாள்தான் எலிசபெத் அக்காவின் மனுவுக்குக் கடைசி நாள். அவர் ஒரு கம்பெனி கேன்டீனில் தட்டு கழுவுபவர். கணவர் இல்லை. சோப்புத் தண்ணீரில் ஊறி விரலெல்லாம் வெடித்திருந்தது. விதவை உதவித்தொகை வந்தால் அந்த வேலையை விட்டுவிடலாம். அதற்குக் கைரேகை வேண்டும். அதைத்தான் தட்டுகளோடு சேர்த்துக் கழுவிவிட்டிருந்தாரே! மெஷின் ஒவ்வொரு விரலுக்கும் சிவப்பு விளக்கைக் காட்டும். நான் “நாளைக்கு வாங்கம்மா” என்பேன். அவரும் ஷிப்டை விட்டுவிட்டு வருவார். அன்றைக்கும் பதியாவிட்டால் மனு தள்ளுபடி, மறுபடி முதலிலிருந்து.

அதிகாரி வந்தார். மஞ்சள் கோட்டைப் பார்த்து, “நல்லா வெச்சிருக்கீங்களே” என்றார். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். எலிசபெத் அக்கா விரல் வைத்தார். சிவப்பு.

“வேற வழி இல்லம்மா” என்றேன். அவர் பையை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்.

“எம்மா, எங்க போற? கயித்த இழு” என்றார் ரிஜெக்ட் அண்ணன்.

“வாணாண்ணா. பெரிய சார்லாம் வந்துகீறாரு. என் கைதான் சரியில்ல.”

“உன் கைக்கு இன்னா கொறச்சல்? மிஷினுதான் சொத்த. இழு.”

“நீயே இழுண்ணா.”

“நான் லைன்ல இல்ல, இழுக்கக் கூடாது. யாருக்குத் தப்பு நடக்குதோ அவங்கதான் இழுக்கணும்.”

அக்கா கயிற்றைப் பார்த்தார். அதிகாரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். நெருக்கடி வந்தால் அங்கே பார்ப்பதுதான் என் வழக்கம். மணி அடித்தது. கவுன்டர் கதவு சாத்தப்பட்டது.

“யாருய்யா இவரு?” என்றார் அதிகாரி.

“நம்ம… குவாலிட்டி சார்.” எப்படி வாயில் வந்ததென்று இன்றுவரை தெரியவில்லை.

“எனக்கு நேரமாகுது. தொறங்க.”

“தொறக்காதண்ணே!” என்றது வரிசை. “அந்தக்கா வேல முடியட்டும். நாங்க நிக்கறோம்.” பஸ் நேரம் கேட்ட பெரியவர் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

அதிகாரி அக்காவின் விரல்களை வாங்கிப் பார்த்தார். பிறகு என்மேல் பாய்ந்தார்.

“கண்ண வெச்சுப் பதியற மெஷின் இருக்குல்ல? கேக்கறதில்லையா?”

“கேட்டு எழுதியிருக்கேன் சார்.”

“எங்க கெடக்கு அது?”

“உங்க ஆபீஸ்ல சார்.”

இருமினார். அந்த மெஷினை எடுத்துவர ஜீப் காஞ்சிபுரத்துக்குப் பறந்தது. அது திரும்பும்வரை வரிசையில் ஒருவர்கூட நகரவில்லை. அதிகாரியும் என் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தார். “சார், டம்ளரு வட்டத்துக்குள்ள” என்று அவருக்கும் விழுந்தது.

மெஷின் வந்தது. பயத்தில் எலிசபெத் அக்கா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

“கண்ணத் தொறம்மா! ஜெபம் பண்ற நேரமா இது?” என்று அண்ணன் கத்தினார்.

திறந்தார். பச்சை. வரிசை கைதட்டியது. அண்ணன் மட்டும் புது மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “ஒயரு சுத்தன அழகப் பாரு” என்று சலித்துக்கொண்டே கவுன்டரைத் திறந்துவிட்டார்.

இப்போது அவர் ஓசூரில் மகன் வீட்டில் இருக்கிறார். அங்கே எந்த ஆபீஸ் மாட்டிக்கொண்டதோ! நாங்கள் நிம்மதியாக இருக்கிறோம்.

நேற்று சாயங்காலம் எலிசபெத் அக்கா வந்தார். கேன்டீன் வேலையை விட்டாயிற்றாம். கையில் வெடிப்பெல்லாம் ஆறியிருந்தது.

“அண்ணன் வர்றதே இல்லியா சார்?”

“இல்லம்மா. இப்ப இங்க எல்லாம் ஒழுங்கா நடக்குது.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். “சட்ட பட்டன மாத்திப் போட்டுக்கினு கீறீங்க சார்.”

காலையிலிருந்து அப்படியேதான் இருந்திருக்கிறேன். சொல்ல ஆளில்லை.