தோரா வாசித்தவரை நான் காப்பாற்றிய கதை

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எழுத்துப்பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் யூதர்களின் கோயில் ஒன்றில் துப்புரவு வேலை செய்கிறேன். நான் இருக்கும் மோர்னிங்சைட்டிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். எட்டு மாதம் சும்மா இருந்த பிறகு கிடைத்த வேலை. சேர்ந்து மூன்றாவது சனிக்கிழமையே அதைத் தொலைக்கப் பார்த்தேன்.

சனிக்கிழமை காலையில் அங்கே தோரா வாசிப்பார்கள். தோல் சுருளில் கையால் எழுதிய வேதம் அது. வாரம் ஒரு பகுதியாக ஒரு வருடத்தில் முடித்து, மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். அன்று வாசித்தவர் டேவிட் என்ற பெரியவர். அங்கே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒரே மனிதர்.

நான் வாசலில் சிந்திக்கிடந்த பழச்சாற்றைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ராகத்தோடு போய்க்கொண்டிருந்த வாசிப்பு திடீரென்று நின்றது. நாலைந்து பேர் ஒரே நேரத்தில் டேவிட்டைப் பார்த்துக் கத்தினார்கள். (எங்கள் ஆட்களின் கோயில் நிர்வாகசபைக் கூட்டம் பார்த்தவர்களுக்குத் தெரியும், அடுத்தது குந்தியிருந்த கதிரை பறப்பதுதான்.)

பஸ்சில் மணி அடிக்கவே கூச்சப்பட்டு, வேறு யாராவது அடிக்கும்வரை இருந்து, இரண்டு தரிப்பு தள்ளி இறங்குகிறவன் நான். அன்றைக்கு என்ன தெய்வம் ஏறியதோ, மொப்போடு ஓடிப்போய் மேடையில் ஏறி, டேவிட்டுக்கு முன்னால் கைகளை விரித்து நின்றேன்.

"ஒருத்தரும் கிட்ட வரக்கூடாது, சொல்லிப்போட்டன்" என்றேன். தமிழில்.

மொப்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. (நல்லகாலம் சுருளில் இல்லை, டேவிட் காலில் போட்டிருந்த சப்பாத்தில்.)

டேவிட் என் தோளில் கைவைத்து, இது சண்டை இல்லை என்று விளங்கப்படுத்தினார். சுருளில் எங்கள் எழுத்துக்கு இருப்பதுபோல அரவு இல்லை, கொம்பு இல்லை, முற்றுப்புள்ளிகூட இல்லை. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துதான் வாசிக்கவேண்டும். ஒரு சொல் பிழைத்தாலும் கேட்பவர்கள் உரக்கத் திருத்துவார்கள். அதைச் சரியாக வாசிக்காமல் மேலே போகக்கூடாது.

"அவர்கள் பேசாமல் இருந்தால்தான் நான் பயப்படவேண்டும்" என்றார்.

வாசிப்பு முடிந்ததும் கோயில் தலைவர் என்னிடம் வந்தார். வேலை போய்விட்டது என்று நினைத்து, இடுப்பிலிருந்த கோயில் கதவுகளின் திறப்புக் கோர்வையைக் கழற்றி நீட்டினேன். அவர் வாங்கவில்லை. திங்கட்கிழமை நேரத்துக்கு வரச் சொன்னார்.

"வீட்டில வாய் திறக்காத மனிசன், அங்க போய் மேடை ஏறியிருக்கிறியள்" என்றாள் கதையைக் கேட்ட மனைவி. சிரிப்பை அடக்க அவளால் முடியவில்லை.

இது நடந்து பதினொரு வருடம். இப்போதும் யாராவது பிழையாக வாசித்தால், திருத்துவதற்கு முதல் எல்லாரும் வாசலைத் திரும்பிப் பார்ப்பார்கள், நான் வருகிறேனா என்று. சொல்லக் கூச்சம்தான், ஆனாலும் அந்த நேரம் என் நெஞ்சு நிமிர்ந்துவிடும். வீட்டில் மனைவி என்னை ஏசும்போது விருந்தாளிகள் நெளிந்தால், மகள் அவர்களிடம் சொல்வாள்:

"சண்டை இல்லை அங்கிள், அம்மா அப்பாவைத் திருத்திறா."

9 நவம்பர் 2025, ஞாயிறு.