ஞாயிறு மதியம் வரைந்த ஏரி

ஞாயிறு மதியம் சாப்பிட்டதும் தூங்கிப்போகிறவனிடம் எந்தப் பொறுப்பையும் ஒப்படைக்கக் கூடாது. அப்படிப்பட்டவன் நான் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன்.

கல்யாணமான புதிதில் பெங்களூர் லிங்கராஜபுரத்தில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். நான் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். மனைவி ஸ்டெல்லா வாழ்த்து அட்டை அச்சிடும் கம்பெனியில் டிசைனர். கிறிஸ்துமஸ் வேலை குவிந்ததால், முதலாளி மூர்த்தி ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்றை வீட்டுக்கே கொடுத்தனுப்பியிருந்தார்.

அவள் அதன் முன்னாலிருந்து எழுந்ததும் நான் உட்கார்ந்துவிடுவேன். அதில் ஒரு ஏரி உண்டாக்கிக்கொண்டிருந்தேன். மலை, பனி, நடுவில் படகு, படகில் நாங்கள் இருவர். (தூரத்தில் இருந்ததால் முகம் வரையத் தேவைப்படவில்லை.) ஆனால் ஏரி நிரம்பவே இல்லை. கம்ப்யூட்டர் ஒவ்வொரு கோடாகத்தான் தண்ணீர் விட்டது, கார்ப்பரேஷன் குழாய் மாதிரி.

கம்ப்யூட்டர் பெட்டிக்குள் ஒரு குட்டிப் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிப் பக்கத்து ஊசியில் மாட்டினால், அதன் மூளையான பிராசசரின் வேகம் கூடும் என்று தொழிற்சாலை நண்பன் சொல்லியிருந்தான். தூறல் விழுந்த ஒரு ஞாயிறு, ஸ்டெல்லா சர்ச்சில் கொயர் ஒத்திகைக்குப் போயிருந்தபோது, மாட்டினேன். ஏரி மளமளவென்று நிரம்பியது. பிராசசர் மேலிருந்த குட்டி ஃபேன்தான் அலறியது. அவ்வளவு அமைதியான தண்ணீருக்கு அந்தச் சத்தம் பொருந்தவில்லை. பெங்களூர் குளிர் போதாதா என்று ஜன்னலைத் திறந்துவிட்டு, ஃபேனின் ஒயரைப் பிடுங்கினேன்.

ஈரக் காற்று. யார் வீட்டிலோ ரேடியோ. கண் சொக்கியது. நான் படகில் இருந்தேன். கரையில் யாரோ வேர்க்கடலை வறுத்தார்கள். கொஞ்சம் கருக விட்டுவிட்டார்களே என்று வருத்தப்பட்டதுகூட ஞாபகம் இருக்கிறது.

"என்னங்க, என்ன கருகுது?"

ஸ்டெல்லா என் தோளை உலுக்கிக்கொண்டிருந்தாள். திரை கறுத்திருந்தது. கரண்ட் மேல் பழியைப் போட்டுவிடலாமா என்று கேட்டேன். அவள் போய் ஜன்னலைச் சாத்தினாள். வேலை போய்விடும் என்று அவள் பயந்தது முகத்தில் தெரிந்தது.

மறுநாள் அவள் ஆபீசுக்கு நானும் கூடப் போனேன். நான்தான் வேகத்தை ஏற்றிக் கெடுத்தேன், அவளுக்கு இதில் சம்பந்தமில்லை என்று மூர்த்தியிடம் சொன்னேன்.

"எதுக்கு வேகத்த ஏத்துனீங்க?"

"ஏரி வரைஞ்சேன் சார்."

அவர் ஸ்டெல்லாவைப் பார்த்தார். "நம்ம கார்டுக்காம்மா?"

"இல்ல சார், சும்மா எங்களுக்கு," என்றேன் நான்.

மூர்த்தி ஒரு ஃபைலை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். ஃபைல் குலுங்கியது. ஸ்டெல்லாவின் வேலை தப்பியது. புது பிராசசரை நான் வாங்கித் தர வேண்டும், அது வரும்வரை ஷிப்ட் முடிந்து வந்து அட்டை மடிக்க வேண்டும் என்று தீர்ப்பானது. எனக்கு மேலதிகாரி ஸ்டெல்லா. மடித்ததில் பாதியைக் கோணல் என்று திருப்பித் தந்தாள்.

அன்றிலிருந்து வீட்டுக்கு எந்த மெஷின் வந்தாலும், அதன் முன் என்னை நிற்கவைத்துக் கல்யாண உறுதிமொழி வாங்குகிறார்கள். போன மாதம் வாஷிங் மெஷின் வந்தது. மகள்தான் பாஸ்டர்.

"இத, இது ஓடுற வேகத்துலயே ஏத்துக்கிறீங்களாப்பா?"

"ஏத்துக்கிறேன்," என்றேன்.

சாட்சிக்கு நின்ற ஸ்டெல்லா, என் கையை எடுத்து மெஷின் மேல் வைத்து, உடனே எடுத்தும் விட்டாள்.